பன்னிரண்டு கிலோவும் ஒரு பொய் விரதமும்

எனக்கு மார்புப் புற்றுநோய் வந்தது. இந்த ஒரு வரியை வெளியே சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. அதுவரை நான் அவிழ்த்துவிட்ட புளுகுகளை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இப்போது சிகிச்சை முடிந்து, உடம்பு தேறி, வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. நான் சாதித்ததை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி.

என் பெயர் வசந்தி. மதுரைக்காரி. மெல்போர்னில் கிளென் வேவர்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இங்கே ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். கற்றுக்கொடுக்கிற நான் இடது பக்க சீட்டில் உட்காருவேன். என் காலடியில் எனக்கென்று தனி பிரேக் உண்டு. சீட் பெல்ட் என் இடது தோளிலிருந்து இறங்கி, மார்பைக் குறுக்கே கடந்து, வலது இடுப்புக்குப் போகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களை மேமோகிராம் எடுக்க வரச் சொல்லி இங்கே வீட்டுக்குக் கடிதம் வரும். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரேதான் அது. எனக்கு வந்த கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். எட்டு மாதம் அங்கேயே இருந்தது. ஒருநாள் அதன்மேல் சாம்பார் தெறித்தது. துடைக்கும்போது வெட்கமாகிப்போய் போன் செய்து நாள் குறித்தேன்.

போய் எடுத்த இரண்டாம் வாரம் திரும்பவும் கூப்பிட்டார்கள். ஸ்கேன் செய்தார்கள். பிறகு பயாப்ஸி, அதாவது ஊசியால் துளி சதையை எடுத்துப் பரிசோதிப்பது. முடிவு சொல்கிற அன்று என் கணவர் முரளியும் கூட வந்தார். டாக்டர் அம்மா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லி முடித்ததும் முரளி என் பக்கம் திரும்பி, "பார்க்கிங் ரெண்டு மணி நேரத்துக்குத்தான் போட்டிருக்கேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளியே வந்து பார்த்தால் மனுஷன் வேறு யாருடைய காரிலோ சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறார். நான்தான் ஓட்டி வந்தேன்.

இடது மார்பை முழுவதுமாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகள் சிலதையும் எடுத்தார்கள், நோய் அங்கே பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஒன்றில் இருந்தது. அதனால் கீமோ, அதற்குப்பின் கதிர்வீச்சு, அதற்குப்பின் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே முரளி சொல்லிவிட்டார். "வெளிய யாருக்கும் சொல்ல வேண்டாம் வசந்தி. நித்யாவுக்கு வரன் பாக்குற நேரம்."

நித்யா எங்கள் ஒரே மகள். சிட்னியில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்கு வந்தது பெண்ணுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்களாம். பழியை அவர் தலையில் மட்டும் போட மாட்டேன், நானும்தான் சரி என்றேன். போனில் இதைக் கேட்ட நித்யா, "அம்மா, இட்ஸ் யுவர் பாடி. என்னை ஏன் இதுல இழுக்கறீங்க?" என்று கத்தினாள். அப்போது அவள் பேச்சு எங்கள் காதில் ஏறவில்லை.

ஆபரேஷனுக்குப் பித்தப்பைக் கல் என்று பெயர் வைத்தோம். கீமோவில் முடி கொட்டியபோது மிச்சத்தையும் மழித்துவிட்டு, பழனிக்கு வேண்டுதல் என்றேன். முடியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், ஊருக்குப் போகும்போது செலுத்திவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். கேட்டவர்கள் என் மொட்டைத் தலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்படிப் போட்டுக்கொண்டவர்களில் முதல் ஆள் யோகா அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்தைந்து வயது, கேரம் டவுன்ஸ் கோயில் சமையற்கட்டில் தொண்டு செய்கிறவர். என்னிடம் கார் ஓட்டப் பழகி மூன்றாவது தடவையில் லைசென்ஸ் எடுத்தவர். முதல் இரண்டு தடவையும் தோற்றது பிரேக்கினால். மஞ்சள் விளக்கைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல மிதிப்பார். நான் வாய் வலிக்கத் திட்டியும் அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

கீமோவின்போது வாந்தி வராமலிருக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது பசியைக் கிளப்பிவிடும். காலை பத்து மணிக்குள் இரண்டு தடவை இட்லி சாப்பிட்டிருப்பேன். முரளிக்கோ நான் சாப்பிட்டால்தான் பிழைப்பேன் என்ற நம்பிக்கை. தட்டு காலியாவதைப் பார்த்தால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்காகவே இன்னும் கொஞ்சம் சாப்பிட்டேன். நோயோடு உள்ளே போனபோது எழுபத்திரண்டு கிலோ. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது எண்பத்தேழு.

மறுபடி வேலைக்குப் போனேன். மார்பு இருந்த இடத்தில் பிராவுக்குள் வைத்துக்கொள்ள சிலிகானில் செய்த ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். நிற்கும்போது நடக்கும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் சம்பாதிப்பது பிரேக் அடிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து. கிளேட்டன் பக்கம் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு மாணவி, ரவுண்டபவுட்டில் திடீரென்று மிதித்தாள். பெல்ட் இறுகியது. சிலிகான் மேலே ஏறிக் கழுத்தெலும்புக்குக் கீழே வந்து நின்றது. அந்தப் பெண் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சாரி மேம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

நோய் என்று டாக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. அன்று அழுதேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

மார்பைத் திரும்ப உருவாக்கிக்கொள்ள ஒரு அறுவை சிகிச்சை இருக்கிறது என்று மார்பகப் பிரிவு நர்ஸ் சொல்லியிருந்தார். அதைச் செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"இந்த வயசுல இன்னொரு ஆபரேஷன் எதுக்கு? நான் ஏதாவது கேட்டேனா?" என்றார் முரளி.

"நீங்க கேட்டதுக்காக இல்ல. எனக்கு வேணும்."

வேண்டாம் என்று விட்டுவிடுகிற பெண்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதுவும் சரிதான். எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சொல்ல ஏன் கூச வேண்டும்?

பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு பெண். வயிற்றின் அடிப்பகுதியிலிருந்து தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, மார்பில் வைத்து, அங்கிருக்கும் ரத்தக் குழாயோடு இணைத்துத் தைப்பார்கள். எட்டு மணி நேர வேலை. எல்லாம் விளக்கிவிட்டு, என்னை எடை மேடையில் ஏற்றினார். இந்த எடையில் செய்தால் தையல் ஆறாமல் போகலாம், வைத்த சதை பிழைக்காமல் போகலாம், எழுபத்தைந்துக்கு இறங்கி வாருங்கள், அதுவரை தேதி கிடையாது என்றார்.

"டாக்டர், வயித்துக் கொழுப்ப எடுத்துத்தான் மார்பு செய்வீங்கன்னா, நான் எளைச்சிட்டா எதை வச்சுச் செய்வீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "கவலைப்படாதீர்கள், மிச்சம் இருக்கும்" என்றார். முரளி இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அடுத்து டயட்டீஷியன். ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்ன சின்னப் பெண். இட்லி எத்தனை என்று கேட்டாள். நாலு என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ஆறு என்றேன். ரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது என்று காட்டினாள். மாவுச்சத்தைக் குறைத்து, முட்டை, மீன், கோழி, கீரை, காய், தயிர் என்று மாறிப் பார்க்கலாம், இடையிடையே ரத்தம் பரிசோதித்துக்கொள்ளலாம் என்றாள். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், நானும் சொல்கிறேன்: இது புற்றுநோயைக் குணமாக்குகிற சாப்பாடு இல்லை. நோய்க்கு டாக்டர் கொடுத்த மருந்துதான். இது எடைக்கும் சர்க்கரைக்கும் மட்டும். உங்கள் டாக்டரைக் கேட்காமல் என்னைப் பார்த்து யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டேன். முதல் பத்து நாள் தலைவலியும் எரிச்சலும். முரளி என்னிடம் வாயே கொடுக்கவில்லை. காலிஃப்ளவரைத் துருவி ஆவியில் வேகவைத்து அதன்மேல் வத்தக்குழம்பை ஊற்றினேன். குழம்பு நன்றாக இருந்தது, காலிஃப்ளவர் காலிஃப்ளவராகவே இருந்தது. என்றாலும் மூன்றாம் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதும் அதன்மேல் எனக்கே ஒரு பாசம் வந்துவிட்டது.

முரளியும் என்னோடு சோற்றை நிறுத்திவிட்டார். நான் கேட்கவில்லை, அவராகவே. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருநாள் மாணவியைக் கூப்பிடப் போக என் காரின் கதவைத் திறந்தால் உள்ளே தயிர்சாத வாசனை, மாவடு வாசனை. கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு, என் பயிற்சிக் காரில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார், என் கண்ணில் படக்கூடாதென்று. கையைப் பிடித்து இழுத்துவந்து மேஜையில் உட்காரவைத்து நானே தயிர்சாதம் பிசைந்து போட்டேன். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நான் அவித்த முட்டை சாப்பிட்டேன்.

வீட்டுக்குள் எல்லாம் சரி. வெளியேதான் வம்பு. நம்மவர் வீட்டுக்குப் போய்ச் சோறு வேண்டாம் என்று சொன்னால் விடுவார்களா? ஏன், என்ன உடம்புக்கு, சுகரா, பிரஷரா என்று தோண்டித் துருவிப் பித்தப்பை வரைக்கும் போய்விடுவார்கள். நவராத்திரிக்கு யோகா அக்கா வீட்டில் இலை போட்டதும் எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. "நான் விரதம் அக்கா" என்றேன்.

"விரதமெண்டா மச்சம்தானே ஆகாது. சோறு சாப்பிடலாம்தானே?" என்றார். மச்சம் என்றால் அவர்கள் வழக்கில் மீன், இறைச்சி.

"எங்க பக்கம் அரிசியே சேர்க்க மாட்டோம் அக்கா."

"அப்பிடியோ? பொறும், வாறன்" என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சவ்வரிசிப் பாயசம். சோற்றில் இருப்பதைவிட இரண்டு மடங்கு மாவு அந்தத் தட்டில். விரதக்காரி என்று சொன்ன வாய், மறுக்க முடியுமா? சாப்பிட்டேன்.

அதோடு போகவில்லை. மகளின் கல்யாணத்துக்காகத்தான் இந்த விரதம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமிக்குப் படைத்த சவ்வரிசிப் பாயசம் ஒரு டப்பாவில் வீடு தேடி வரும். பிரசாதத்தைக் கொட்ட முடியாது. முரளி குடித்தார். நான் இறங்க இறங்க அவர் ஏறினார். கோயிலில் என்னைப் பார்க்கிறவர்கள், முகத்தில் விரதக்களை தெரிகிறது என்றார்கள். எனக்கு வந்த நோய்க்கெல்லாம் பக்தி என்று பெயர் வைத்தது நான்தானே, யாரை நொந்துகொள்வது?

எண்பதில் இருந்தபோது அகப்பட்டுக்கொண்டேன். கிளேட்டனில் மீன் கடை. இரண்டு கிலோ மீன் வாங்கி, கையில் இரண்டு அட்டை முட்டையோடு திரும்பினால், பக்கத்துக் காய்கறிக் கடையிலிருந்து வாழையிலைக் கட்டோடு யோகா அக்கா வருகிறார். அன்று வெள்ளிக்கிழமை.

பையைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மீனோ?" என்றார். அவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வெள்ளி பாயசம் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பாயசம் நின்றதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவள் என்று அந்த மனுஷி என்னை நினைத்துக்கொண்டிருப்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எடை எண்பதிலேயே நின்றுவிட்டது. மனம் சரியில்லை என்று ஒருநாள் முறுக்கு டப்பாவைத் திறந்தேன், பாதி காலி. இப்படியே போனால் தேதியும் கிடைக்காது, அக்காவும் கிடைக்க மாட்டார் என்று புரிந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை, முரளியிடம் கேட்காமல், அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

சமையற்கட்டில் நின்று சவ்வரிசி கிளறிக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, எனக்குப் பித்தப்பை இன்னும் உள்ளதான் இருக்கு. எடுத்தது மார்பை. எனக்குக் கேன்சர். மொட்டை பழனிக்கு இல்ல, மருந்துல கொட்டினது. விரதமும் இல்ல. எடையைக் குறைச்சாத்தான் அடுத்த ஆபரேஷன் செய்வாங்க, அதுக்குத்தான் சோறு சாப்பிடல."

அடுப்பை அணைத்தார். அகப்பையோடு என் பக்கம் திரும்பினார்.

"நான் நினைச்சன், நீர் கடவுளுக்குப் பொய் சொல்லுறீர் எண்டு."

"கடவுளுக்கு இல்ல அக்கா. உங்களுக்குத்தான்."

"அது அதைவிட மோசம்" என்றார். கண் கலங்கிவிட்டது. பிறகு கோபமும் வந்தது. "ஏன் பிள்ளை, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே? அந்தப் பாயசத்துக்குள்ள எவ்வளவு சீனி போட்டுத் தந்தனான் தெரியுமோ? ஆர் குடிச்சது அவ்வளவத்தையும்?"

"அவர்தான்."

"அதுதான் முரளி அப்பிடி ஊதிப்போனார்."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதேன். அவர் வந்து என் தலையில் கை வைத்து, புதிதாக முளைத்திருந்த சுருட்டை முடியைத் தடவிக்கொடுத்தார். "நான் ஆருக்கும் சொல்லமாட்டன்" என்றார்.

"சொல்லுங்க அக்கா. எல்லாருக்கும் சொல்லுங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு உடம்பே லேசானது போல இருந்தது.

அன்று மாலை முரளியிடம் சொன்னேன். அவர், "நித்யாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்றார். நித்யா போனில், "ஃபைனலி" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள்.

செய்தி ஒரே வாரத்தில் கோயில் முழுக்கப் பரவியது. சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும். இரண்டு பெண்கள் தனியாக வந்து, மேமோகிராம் கடிதம் தங்கள் வீட்டிலும் கிடக்கிறது என்றார்கள். ஒருத்தியை நானே காரில் அழைத்துப் போனேன். யோகா அக்காவிடமிருந்து டப்பா மறுபடி வரத் தொடங்கியது. திங்கட்கிழமை சுறா வறை (நம் ஊர் சுறாப்புட்டு மாதிரி, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தது), புதன்கிழமை முருங்கையிலை வறை, சனிக்கிழமை முட்டையும் தேங்காய்ப்பால் சொதியும். வெள்ளிக்கிழமை மட்டும் மச்சம் கிடையாது, கீரை. ஆரம்பித்து ஏழு மாதம் முடிந்தபோது, சர்ஜனின் எடை மேடையில் செருப்பைக் கழற்றி, கடிகாரத்தைக் கழற்றி, மூச்சையும் பிடித்துக்கொண்டு ஏறினேன். எழுபத்து நாலு புள்ளி எட்டு. டாக்டர் கை கொடுத்தார். நான் கைகொடுத்ததோடு விடவில்லை, அந்த எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலை, பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ் வந்து பெயர், பிறந்த தேதி கேட்டுவிட்டு, இன்று உங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்றார். ஆளை மாற்றிவிடாமல் இருக்க எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பித்தப்பை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், மார்பு என்று அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னது.

கண் விழித்தபோது வயிறு ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை இழுத்துக்கொண்டிருந்தது. கெட்ட நீர் இறங்க மூன்று குழாய்கள். முதல் இரண்டு நாள், மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து பேனா போன்ற ஒரு கருவியைப் புது மார்பில் வைப்பார். உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் அதில் கேட்கும். ஒவ்வொரு தடவையும் அது கேட்கும் வரை எனக்கு மூச்சு வராது. கேட்டதும் முரளியின் பக்கம் திரும்புவேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். தட்டில் உருளைக்கிழங்கு மசியல் வந்தது. காயம் ஆற எல்லாம் சாப்பிடலாம் என்று டயட்டீஷியன் சொல்லியிருந்ததால் ருசித்துச் சாப்பிட்டேன். ஏழாம் நாள், வயிற்றுத் தையல் இழுக்க, கூனிக்கொண்டு, ஆனால் சொந்தக் காலில் நடந்து வெளியே வந்தேன்.

எட்டு வாரம் கழித்து யோகா அக்கா வந்து வாசலில் காரை நிறுத்தினார். "பழனியாண்டவன்ர பேரில புளுகினீர்தானே? வாரும், கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வருவம்." இடது பக்கம் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

கேரம் டவுன்ஸுக்குத் திரும்புகிற சிக்னலில் மஞ்சள் விழுந்தது. தாராளமாகத் தாண்டியிருக்கலாம். அக்கா வழக்கம்போல முழு பலத்தோடு மிதித்தார். பெல்ட் தோளிலிருந்து இடுப்பு வரை இறுகியது. என் கால், அக்காவின் காரில் இல்லாத பிரேக்கைத் தேடியது. கை தானாக மார்புக்குப் போனது, பிடித்துக் கீழே இழுத்துவிட. ஒரு வருஷப் பழக்கம்.

இழுக்க ஒன்றும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஐயோ, நோகுதோ பிள்ளை? தையல் ஏதும் விட்டுப்போச்சோ?" அக்கா பதறினார். "நீர் எத்தினை தரம் சொல்லியிருக்கிறீர், இனி மெதுவா மிதிக்கிறன்."

"வேண்டாம் அக்கா" என்றேன். "அடுத்த சிக்னல்லயும் இப்படியே மிதிங்க."